கப்பல் வாய்க்கால் தங்கசாமி

"சௌக்கியமுங்களா?" என்று யார் கேட்டாலும் தங்கசாமி மாமா தன் உடம்பைப் பற்றிப் பேச மாட்டார். "கணுக்காலுக்கு இருக்குதுங்க" என்பார். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், "முழங்காலுக்கு வந்திருச்சுங்க, ஆண்டவன் புண்ணியம்" என்பார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வந்த பழக்கம் இது. அவர் சொல்வது அவருடைய ஊர் ஏரியின் தண்ணீர் மட்டம் என்பது எங்கள் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஒருமுறை ஈரோட்டுக் கல்யாணம் ஒன்றில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஒருவர், "எத்தனை நாளா இப்படி?" என்று கவலையோடு கேட்டிருக்கிறார். "அது ஆச்சுங்க அஞ்சாறு வருசம். முன்னெல்லாம் கழுத்து வரைக்கும் இருக்கும்" என்றாராம் மாமா. டாக்டர் பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லி, மாமாவின் காலை அமுக்கிப் பார்த்தாராம். மாமாவும் நீட்டிக் காட்டினாராம். பெரிய மனிதர் ஆசையாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது?

தங்கசாமி மாமா என் அப்பாவின் அக்கா சென்னியம்மாளின் கணவர். திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கொளத்துப்புதூரில் அவருக்குக் கொஞ்சம் தோட்டமும் கொஞ்சம் மானம் பார்த்த மேட்டுக்காடும் இருந்தன. போன வருஷம், எண்பத்தாறு ஆவணியில், இறந்துபோனார். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அதனால் கருமாதி நோட்டீசில் போடுவதற்கு மாமாவைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். நாலு வரியிலும் பொய் இல்லை. ஆனால் அச்சாகி வந்த நோட்டீசைப் படித்தபோது, அதில் இருந்த நல்லவர் யார் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் படித்தது சரித்திரம். ராஜாக்கள் ஏரி வெட்டியதைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நன்றாக இருந்த ஏரியைக் கெடுத்துவிட்டு, அதைத் திரும்பக் கொண்டுவர எட்டு வருஷம் அலைந்த ஒருவரைப் பற்றி எப்படி எழுதுவது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அத்தையைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வர என் தாத்தா கொளத்துப்புதூர் போனார். வீடு ஒழுகியது. மாடு ஒன்று நொண்டி. மாமாவின் அப்பா சாமர்த்தியசாலி. வீட்டு வாசலில் அதிக நேரம் நிற்கவிடாமல் நேராக ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய்விட்டார். கார்த்திகை மாசம். ஏரி நிறைந்து அலையடித்தது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் இலை தெரியாதபடி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தன. தாத்தா வீடு திரும்பி, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஏரியைப் பற்றியே சொன்னாராம். அத்தையும் ஏரிக்குத்தான் சம்மதம் சொன்னாள். இதை மாமா காதில் விழும்படி அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகிப் போனதும் வாத்து வாங்கி ஏரியில் விட்டாள். காலையில் கதவைத் திறந்தால் வாத்துகள் தாமாக ஏரிக்குப் போகும், சாயங்காலம் தாமாக வரும். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

எழுபத்திரண்டில் ஒரு காண்ட்ராக்டர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் சுருட்டிய வரைபடம். மலையில் வெட்டும் மூங்கிலைப் படகில் ஏற்றிக் காவிரி வழியாகக் கொண்டுவந்து, ஏரியில் ஊறப்போட்டு வைத்து, வேண்டும்போது படகிலேயே ஆலைகளுக்கு அனுப்புவது அவர் திட்டம். அதற்கு ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே படகு போகிற அகலத்துக்கு ஒரு கால்வாய் வெட்ட வேண்டும். எந்த ஆலை, யார் அனுமதி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மாமா கேட்க விட்டிருக்கவும் மாட்டார். கால்வாய் என்று காதில் விழுந்த உடனே அவர் மனதில் படகு கப்பலாகிவிட்டது. "தூத்துக்குடிக்கு அடுத்தது நம்மூருதான், பாருங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கால்வாய் போகிற வழியில் தன் புஞ்சையில் ஒரு துண்டைச் சும்மாவே விட்டுக்கொடுத்தார். ஏரிக்கரையை வெட்ட முதல் மண்வெட்டி போட்டதும் அவர்தான்.

அத்தை மட்டும் கேட்டாள்: "ஏனுங்க, கரைய வெட்டுனா தண்ணி ஆத்துக்குப் போயிராதுங்களா?"

"போனா என்ன, வந்துரும். கால்வாய்னா ரெண்டு பக்கமும் ஓடும் அம்மிணி."

"தண்ணி எங்கீங்க மேட்டுக்கு ஓடும்?"

"நீ ஆத்தங்கரைக்காரி. உனக்குக் கப்பல் சங்கதி தெரியாது."

ஆடிப்பெருக்கில் ஆற்றில் வெள்ளம் வந்தது. மாமா சொன்னபடியே தண்ணீர் கால்வாயில் ஏறி வந்து ஏரித் தண்ணீரோடு கை கோத்தது. மூங்கில் ஏற்றிய படகு ஒன்று உள்ளே நுழைந்தது. தேங்காய் உடைத்தார்கள், மேளம் அடித்தார்கள், படகோட்டிக்கு மாலை போட்டார்கள், அவருக்கு ஏன் என்று தெரியவில்லை. பிறகு வெள்ளம் வடிந்தது. ஆறு இறங்க இறங்க, ஏரியும் அதன் பின்னாலேயே இறங்கிப் போனது. படகு நடு ஏரியில் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. மதகு செய்து கொண்டுவருவதாகச் சொல்லி ஈரோட்டுக்குப் போன காண்ட்ராக்டர் இன்னும் வந்து சேரவில்லை.

பங்குனிக்குள் ஏரி வெடித்துப் போனது. மீன் செத்து நாறியது. தவளை போன இடம் தெரியவில்லை. தவளையைத் தேடிப் பாம்புகள் வீட்டுக்குள் வந்தன. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்கள் இப்போது கட்டாந்தரையில் நின்றன. நாயும் பூனையும் உண்டிவில் பையன்களும் கூட்டுக்கு எட்டினார்கள். அடுத்த வருஷம் பறவைகள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. அதற்கடுத்த வருஷம் சுற்றிப் பார்க்கவும் வரவில்லை. ஊரார் அந்தக் கால்வாய்க்குக் கப்பல் வாய்க்கால் என்று பேர் வைத்து, மாமாவின் பேருக்கு முன்னால் அதை ஒட்டவைத்தார்கள். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வந்தார்.

எழுபத்திநாலு சித்திரையில் அத்தை கிளம்பிவிட்டாள். மகன் சின்னண்ணன் போர் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போயிருந்தான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"ஏரியக் காட்டித்தான என்னையக் கட்டுனீங்க? ஏரி இல்லாத ஊர்ல நான் இருக்கோணும்னு யாரு பேசுனது? தண்ணி நிக்கட்டும், குருவி வரட்டும். அன்னைக்கு நான் வாரேன்."

அவளுக்கு நாரையும் குருவிதான். சொல்லிவிட்டு வாத்துகளை இரண்டு கூடையில் அடைத்து, எங்கள் வீட்டுக்கு வரப் பள்ளிபாளையம் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் கருப்பண்ணன் அந்த ரூட்டிலேயே பழகினவர்.

"அக்கா, வாத்துக்கும் டிக்கெட் போடோணும்."

"எதுக்கு? சீட்டுலயா உக்காந்திருக்குது?"

"லக்கேஜுங்க."

"லக்கேஜ் எங்கியாச்சும் கத்துமா? நீ கத்தறியே, உனக்கு யாரு டிக்கெட் போட்டா?"

கருப்பண்ணன் அதற்குப் பிறகு வாத்து விஷயத்தைப் பேசவில்லை. எங்கள் வீட்டில் வாத்துகள் சமையலறை வரை வந்தன. நான் படித்த பாடம் எல்லாம் வாத்துச் சத்தத்துக்கு நடுவே படித்ததுதான்.

மாமாவுக்கு அத்தை இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை. சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது. அதுகூடப் பரவாயில்லை, திட்டுவதற்கு ஆள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்ததாம். அவளைத் திரும்பக் கூட்டி வர வேண்டும் என்றால் ஏரியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. எப்படி என்பதில்தான் குழப்பம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் தோன்றும் யோசனை, பூமியில் துளை போடுவது. அந்த நாளில் திருச்செங்கோட்டில் தெருவுக்குத் தெரு ரிக் லாரி நிற்கத் தொடங்கியிருந்தது. மாமாவின் பங்காளி மணியன் நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து ஒன்று வாங்கியிருந்தார்.

"ஏரி வத்திப்போச்சுன்னு எதுக்கு வெசனப்படறே? நடு ஏரியில ஒரு போர் போட்டு உட்டா தன்னால ரொம்பீரும்" என்றார் மணியன்.

கேட்ட எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த எனக்கும்தான்.

வற்றிய ஏரி எல்லாருக்கும் நஷ்டமாகவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பச்சமுத்து என்பவர் கரை போடுவது, கிணறு வெட்டுவது போன்ற மண் வேலை செய்கிறவர். ஒரு சாண் நிலம் கிடையாது. அவரும் மனைவி செல்லியம்மாளும் ஏரிக்குள் காய்ந்த வண்டலில் சோளமும் வெள்ளரியும் தட்டைப்பயறும் போட்டிருந்தார்கள். வண்டல் மண் ஆச்சே, ஆள் உயரம் வளர்ந்தது. சேற்றில் உட்கார்ந்த படகுதான் அவர்களுடைய காவல் குடிசை. மேலே ஓலை வேய்ந்து, ஒரு ஓரத்தில் அடுப்பு, இன்னொரு ஓரத்தில் ஆடுகள். காண்ட்ராக்டரின் படகால் பிழைத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அந்த வெள்ளரிக் கொடிகளைத் தாண்டி மணியன் ரிக் லாரியை ஓட்டினார். மேலே வெடித்திருந்த மண் உள்ளே களியாக இருந்தது. லாரி கொஞ்ச தூரம் போய், பெருமூச்சு விட்டதுபோல அச்சு வரை இறங்கியது. அதை இழுக்கத் திருச்செங்கோட்டிலிருந்து இன்னொரு லாரி வந்தது. அதுவும் பக்கத்திலேயே இறங்கியது.

"ஜோடி நல்லா இருக்குதுங்க. தாலி ஒண்ணுதான் கொறை" என்றார் பச்சமுத்து.

"நீ சித்த நேரம் பேசாத இருப்பா" என்றார் மணியன். "எறங்குன எடத்துலயே போட்டர்லாம். சாமி காட்டுன எடம்."

பாறையைத் தாண்டியதும் கம்ப்ரசர் காற்றோடு தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சியது. மாமா சட்டை வேட்டியோடு அதில் போய் நின்றார். பிறகு லாரிகளை எப்படியோ கரையேற்றிவிட்டு, ஆயில் என்ஜின் வைத்து இறைத்தார்கள். இராப்பகலாக ஓடியது. தண்ணீர் பாய் விரித்த மாதிரி பரவி, நெளிந்து, வழி கண்டுபிடித்து, கப்பல் வாய்க்காலில் இறங்கி, ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. காவிரித் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்று ராஜ்ஜியங்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. "கேக்கறதுக்குத்தான் எல்லாரும் இருக்கறாங்க. காவேரிக்குக் குடுத்தவரு நம்ம தங்கசாமி ஒருத்தருதான்" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மாமா அதற்குள் ஒரு தூக்குப்போசியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தை மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இது போர்த்தண்ணி."

"ஏரிக்குள்ள இருந்துதான் கொண்டாந்தேன்."

"நீங்களுந்தான் ஏரிக்குள்ள நின்னுட்டு வாரீங்க. உங்களை ஏரிங்கறதா? ஏரித்தண்ணின்னா பாசி வாடை அடிக்கோணும், குருவிப் பீ வாடை அடிக்கோணும். இதுல ஒரு எழவும் இல்ல."

வாத்துகள் மட்டும் மரியாதைக்குக் குடித்தன. அன்றைக்கு அத்தை மாமாவுக்கு வெந்நீர் வைத்தாள், முட்டை பொரித்துப் போட்டாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். "வாரியா அம்மிணி?" என்று கேட்டபோது மட்டும், "குருவி வரட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா காலிப் போசியோடு காலை பஸ்ஸில் திரும்பினார். இவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களா இல்லையா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

வெட்டின கரையை மூடினால் போதும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. மாமாவிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. மூடு என்றால் கப்பல் வராது என்று அர்த்தம். கடைசியில் அத்தை கருப்பண்ணனிடம் சொல்லியனுப்பினாள். காதோடு சொல்லச் சொல்லித்தான் அனுப்பினாள். கருப்பண்ணனுக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான். புதூர் பிரிவில் பஸ் நிற்பதற்கு முன்பே படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்:

"மாமோய்! அக்கா சொல்லுச்சு! தோண்டுனது போதுமாம்! வெட்டுனவரே மூடிப்போட்டு வரோணுமாம்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எழுபத்தொன்பது மாசி மாசம். லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். "மாப்ளே, வா, ஒரு எடத்துக்குப் போலாம்" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார்.

சுற்றுவட்டாரத்தில் கரை போடும் ஆட்கள் எல்லாம் பச்சமுத்துவின் சொந்தக்காரர்கள். அவர் வந்தால் அவர்கள் வருவார்கள். அவர் வராவிட்டால் யாரும் வர மாட்டார்கள். ஆக, அவருடைய வெள்ளாமையை முழுகடிக்கப் போகிற கரையை அவரே கட்டித் தர வேண்டும் என்று அவரிடமே போய்க் கேட்க வேண்டும். படகுக்குள் உட்கார்ந்து தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்த பச்சமுத்து, மாமாவைக் கண்டதும் எழுந்து கீழே இறங்கி நின்றார். செல்லியம்மாள் எழவில்லை. உரித்துக்கொண்டே இருந்தாள்.

"பச்சமுத்து, கரைய அடைக்கோணும்."

"அடைங்க சாமி. ஊருக்கு நல்லதுதானுங்க."

"நீதான் அடைச்சுத் தரோணும்."

பச்சமுத்து தன் சோளத்தைப் பார்த்தார். "அப்ப இது?"

"முழுகிப் போகும்."

"நாங்க?"

"நாம படகுல போயிக்கலாம், உடு" என்றாள் செல்லியம்மாள்.

மாமா சிரிக்கவில்லை. நிலத்தைக் காலால் கீறினார். பிறகு சொன்னார்: "என்ற மேட்டுக்காட்டுல கெழக்கால ஒரு ஏக்கரா உனக்கு. தண்ணி நின்ன அன்னைக்கு அது உன்றது."

பச்சமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். செல்லியம்மாள் கும்பிடவில்லை.

"எழுதிக் குடுத்தர்றீங்களா?"

"ஏன், என்ற சொல்லு பத்தாதா?"

"பத்துமுங்க. கப்பல் வருதுன்னு நீங்க சொன்ன சொல்லையும் இன்னும் வெச்சுக்கிட்டுத்தான் இருக்கறோம்."

"ஏ புள்ள, சும்மா இரு" என்றார் பச்சமுத்து. மாமா இரண்டு பேரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சூடம் கொளுத்தி, பச்சமுத்துவின் உள்ளங்கையில் தன் கையை அடித்துச் சத்தியம் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் மனதில் அப்போது ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேலை ஆனி வரை நடந்தது. காண்ட்ராக்டர் போட்டுவிட்டுப் போன மூங்கிலையே இரண்டு வரிசையாக நட்டு, தட்டி கட்டி, நடுவில் களிமண்ணைக் கொட்டி, அதன் மேல் ஆட்டு மந்தையை ஓட்டி மிதிக்க வைத்தார்கள். மண் சட்டி தூக்கினவர்களில் மாமாவும் ஒருவர். கரை முக்கால்வாசி எழும்பின சமயம் அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஓரத்துல சின்னதா ஒரு கதவு மாதிரி உட்டு வெக்கலாமா? ஒருவேளை பின்னாடி படகு கிடகு வந்துதுன்னா?"

அத்தனை பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"சரி சரி, வேண்டாம். கேட்டேன், அவ்வளவுதான்."

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் காலை வெறித்தது. மீதிச் சோளத்தட்டையை அறுக்கப் போன பச்சமுத்துவும் செல்லியம்மாளும் மழைக்குப் படகிலேயே தங்கிவிட்டிருந்தார்கள். மாமா கரைக்கு வரும்போது ஏரி முழுக்கத் தண்ணீர். அதன் நடுவே, ஏழு வருஷமாக அசையாத படகு மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தது. உள்ளே ஆடுகள் தலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பச்சமுத்து ஓலைக் கூரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்தினார்:

"ஏனுங்கோ! கப்பல் வந்திருச்சுங்கோ!"

கரையில் நின்ற ஊரே சிரித்தது. மாமா சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. "சிரிச்சது போதும், கவுத்தத் தூக்கிப் போடுங்க!" என்று செல்லியம்மாள் அதட்டின பிறகுதான் ஒருவன் கயிறு எடுக்க ஓடினான். அவள் நனைந்த சோளத்தட்டைக் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஒன்றுதான் மிஞ்சியது.

செய்தியை மாமாவே வந்து அத்தையிடம் சொன்னார். இந்த முறை போசித் தண்ணீரில் பாசி வாடை அடித்தது. அத்தை முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"தண்ணி மழை பேஞ்சா யாரு கரையிலயும் நிக்கும். குருவி கூடு கட்டட்டும்."

தண்ணீருக்குக் கரை போடலாம், பறவைக்கு என்ன போடுவது? பழைய கருவேல மரங்களில் பாதி விறகுக்குப் போயிருந்தன. மாமா ஏரி ஓரத்தில் கருவேலங்கன்று நட்டு, ஆடு கடிக்காமல் முள் கட்டினார். ஆறு வற்றும் காலத்தில் மணியன் லாரியில் போய்க் கோரைக் கிழங்கு கொண்டுவந்து சேற்றில் ஊன்றினார். உண்டிவில்லோடு வந்த பையன்களின் வில்லை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு சமயம் இடுப்பைச் சுற்றி வில்லாகத் தொங்கியது. சத்தம் போட்டால் பறவை வராது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து கரையில் ரகசியம் மாதிரிதான் பேசினார். உழவு மாட்டை அதட்டாமல் காதருகே போய்க் கெஞ்சினார். மாடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. மாரியம்மன் நோன்பிக்குக் கட்டின ஒலிபெருக்கிக் குழாயை ஏறிப் போய்த் தெற்கே திருப்பிவிட்டார். தெற்கூர்க்காரர்கள், "உங்க சாமிப் பாட்டுக்கு நாங்க எதுக்குத் தூங்காத இருக்கோணும்?" என்று சண்டைக்கு வந்தார்கள். "உங்க ஊர்லதான் ஏரி இல்லியே" என்றார் மாமா. அவருக்கு அது நல்ல பதிலாகத் தோன்றியது.

எண்பத்தொன்றில் இரண்டு வக்கா வந்து ஒரு பட்ட மரத்தில் உட்கார்ந்தன. மாமா மூன்று நாள் கரைப்பக்கம் யாரையும் விடவில்லை. அடுத்த வருஷம் கார்த்திகையில் நாரைகள் வந்தன, நீர்க்காகங்கள் வந்தன. பழைய மரம், புது மரம் என்று பார்க்காமல் சுள்ளி கொண்டுவந்து கட்டத் தொடங்கின. மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் பட்டம் வாங்கி, வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் தோளைக் காட்டினார். வெள்ளைச் சட்டையில் பறவை எச்சம் பட்டிருந்தது. துடைக்காமல் அப்படியே பஸ்ஸில் வந்திருக்கிறார்.

அத்தை அதைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். உள்ளே போய்க் கூடையை எடுத்தாள்.

பழைய வாத்துகளின் பேரன் பேத்திகளோடு அவளைக் கருப்பண்ணன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் கூடப் போனேன். அவர் டிக்கெட் பேச்சே எடுக்கவில்லை. கரைமேல் நின்று அத்தை மூச்சை இழுத்தாள்.

"ம், அடிக்குது."

"என்ன அடிக்குது?" என்றார் மாமா பதறிப்போய்.

"வாடைதான்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அந்த வாடை தாங்காமல் கரையோரத்து வீட்டுக்காரர்கள் மாமாவைத் திட்டத் தொடங்கியது அதற்கடுத்த மாதம்.

இங்கேயே நிறுத்தினால் நோட்டீசில் போட்ட ஆளாகவே மாமா இருந்துவிடுவார். பச்சமுத்துவின் ஒரு ஏக்கரா பாக்கி இருக்கிறது.

தண்ணீர் நின்ற அன்றைக்கு உன்றது என்று சொன்ன மேட்டுக்காட்டை மாமா அந்த ஐப்பசியில் தரவில்லை. "தை பொறக்கட்டும்" என்றார். தை பிறந்ததும் "அறுப்பு முடியட்டும்" என்றார். ஏரி நிறைந்ததில் மேட்டுக்காட்டுக் கிணற்றில் ஊற்றுத் திறந்துகொண்டது; அதுவரை கொள்ளு மட்டும் விளைந்த மண்ணில் மரவள்ளி தொடை தொடையாகக் கிழங்கு வைத்தது. சின்னண்ணன் ஆந்திராவிலிருந்து வந்து மோட்டார் போட்டான். ஏரி இல்லாதபோது விட்டுக்கொடுக்க முடிந்த நிலத்தை ஏரி வந்த பிறகு மாமாவால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஒருமுறை நானே கேட்டேன். "குடுக்காத எங்க போறேன் மாப்ளே? கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறேன்" என்றார். கோபப்படவில்லை. கேட்டதற்காகச் சந்தோஷப்பட்ட மாதிரிகூட இருந்தது. பச்சமுத்து கேட்கவே இல்லை. ஏரிக்குள் போட்ட வெள்ளாமை போனபின் அவர் அந்த மேட்டுக்காட்டிலேயே கூலிக்குக் கிழங்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

கருமாதி அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, செல்லியம்மாள் அத்தையிடம் வந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குச் சொன்னதக் காப்பாத்திப் போட்டுத்தான் போயிருக்கறாரு. எங்களுக்கும் ஒண்ணு சொன்னாரு. உங்களுக்குத் தெரியுமுங்களே?"

சொன்ன சொல்லுக்காக எட்டு வருஷம் வாத்துகளோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் அத்தை. அவள் சரியென்று சொல்லிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சின்னண்ணனைப் பார்த்தாள். அவன் பந்தல்காரனோடு பேசப் போய்விட்டான்.

"இந்தக் கெழங்கு புடுங்கட்டும் செல்லி" என்றாள் அத்தை.

கிழங்கு பிடுங்கியாகிவிட்டது. மறுபடியும் குச்சி நட்டிருக்கிறார்கள். நட்டது பச்சமுத்துதான்.